பெயர் வெட்டப்பட்ட மன்னன்: 55-ஆம் எண் கல்லறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கதைகள் சொல்லி வருகிறேன். எகிப்து என்று வாயெடுத்தால் போதும், எல்லோரும் துட்டன்காமனைத்தான் கேட்பார்கள். நான் அவன் கல்லறைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு கல்லறையின் கதையைச் சொல்வேன். 1907-இல் 24 வயது இளைஞர் ஒருவர் தோண்டித் திறந்தது. உள்ளே ஒரு தங்கப் பெட்டி, அதில் ஓர் உடல். பெட்டியில் முகம் இல்லை, பெயர் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டிப்போக வந்த அப்பா அம்மாக்களும் நின்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"கேவி 55, கேவி 55னு சொல்றீங்களே டீச்சர், அது என்ன கணக்கு?"

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, புல் பூண்டு இல்லாத மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து எகிப்திய அரசர்களை அங்கே பாறையைக் குடைந்து அடக்கம் செய்தார்கள். அதனால் அதற்கு மன்னர்களின் பள்ளத்தாக்கு என்று பெயர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் கேவி. 1827-இல் வில்கின்சன் என்ற ஆங்கிலேயர், அப்போது தெரிந்திருந்த 21 கல்லறைகளின் வாசலில் பெயிண்டால் எண் போட்டார். அதன் பிறகு புதிதாக ஒன்று கிடைக்கும்போதெல்லாம் அடுத்த எண். துட்டன்காமனுக்கு 62. நம் கதைக்கு 55.

மற்ற அரசர்களின் கல்லறைகளில் சுவர் முழுக்க ஓவியமும் எழுத்தும் இருக்கும். இதில் ஒரு கோடுகூடக் கிடையாது. படிக்கட்டு, சரிந்து இறங்கும் ஒரு நடை, கடைசியில் ஒரு அறை. அவ்வளவுதான். இந்தக் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். சுவர் பேசாததால், கிடைத்த சாமான்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

"கண்டுபிடிச்சவருக்கு 24 வயசுதானா? அந்த வயசுல அவரை யார் நம்பி விட்டாங்க?"

எட்வர்ட் அயர்ட்டன் என்று பெயர். 1882 டிசம்பரில் சீனாவில் பிறந்தவர். அப்பா அங்கே பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்தார். இருபது வயதிலேயே பிளிண்டர்ஸ் பெட்ரியிடம் வேலை கற்றுக்கொள்ள எகிப்துக்கு வந்துவிட்டார். பெட்ரி சாதாரண ஆள் இல்லை. உடைந்த பானை ஓட்டைக்கூட வீசக்கூடாது, எது எங்கே கிடந்தது என்று குறித்து வைக்க வேண்டும் என்று எகிப்திய அகழாய்வுக்கு ஒழுங்கு கற்றுக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரிடம் பயின்ற பையன்.

அவரை வேலைக்கு வைத்தவர் தியோடர் டேவிஸ் என்ற பணக்கார அமெரிக்க வழக்கறிஞர். பள்ளத்தாக்கில் தோண்டும் உரிமை அப்போது அவரிடம் இருந்தது. 1905 முதல் 1908 வரை அயர்ட்டன் அவருக்காகத் தோண்டினார். அந்தச் சில பருவங்களில் அவர் கண்டுபிடித்தவற்றைக் கேட்டால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். சிப்தா மன்னனின் கல்லறை, ஹோரெம்ஹெப் மன்னனின் கல்லறை, நகைகள் கிடைத்த ஒரு குழி, அப்புறம் விலங்குகளைப் புதைத்த சிறு குழிகள். அதில் ஒன்றில் ஒரு மஞ்சள் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றபடி இருந்தது. அதன் மூக்குக்குச் சில அங்குலம் தள்ளி ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. இரண்டும் மூவாயிரம் ஆண்டுக்கும் பழைய மம்மிகள்.

"கதவைத் திறந்ததும் முதல்ல என்ன பார்த்தார்?"

1907 ஜனவரி 6. கல்லும் மண்ணுமாக மூடிக் கிடந்த இடத்தைத் தோண்ட, படிக்கட்டு வந்தது. 21 படி. கீழே வாசலை அடைத்திருந்த சுவர் ஒருமுறை உடைக்கப்பட்டு, மறுபடியும் கையில் கிடைத்த கற்களைப் போட்டு மூடப்பட்டிருந்தது. பழைய அடைப்பின் மேல் இடுகாட்டுக் காவலர் முத்திரை: படுத்திருக்கும் நரியும் அதன் கீழே ஒன்பது கைதிகளும். ஆக, மூடிய பிறகு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

உள்ளே நடையில் பாதி உயரத்துக்குமேல் கல்சில்லு நிரம்பியிருந்தது. அதன் மேலேயே தங்கத் தகடு போர்த்திய பெரிய மரப்பலகை ஒன்று கிடந்தது. அதை மிதிக்காமல் போக ஒரு பலகையைப் பாலம் போலப் போட்டு, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார்கள். அந்த மரம் உளுத்துப் போயிருந்ததால், மூச்சுக்காற்று பட்டாலே தங்கம் செதில் செதிலாக உதிர்ந்தது. டேவிஸுடன் வந்திருந்த எம்மா ஆண்ட்ரூஸ் என்ற அம்மையார் தினமும் நாட்குறிப்பு எழுதுபவர். தங்கத்தின் மேலேயே நடப்பது போல் இருந்தது என்றும், உள்ளே வேலை செய்த எகிப்தியரின் தலைமுடியில்கூடத் தங்கத் துணுக்கு ஒட்டியிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். நான் இந்தக் கல்லறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியின் தலைமுடிதான்.

அறைக்குள் சிங்கக் கால் வைத்த கட்டில் இற்று விழுந்து, அதன் மேலிருந்த சவப்பெட்டி தரையில் கிடந்தது. மூடி விலகி, உள்ளே உடல் தெரிந்தது. தலையில் கிரீடம் போலக் கழுகு வடிவத் தங்கத் தகடு. உண்மையில் அது கழுத்தில் போடும் அணிகலன், இடம் மாறியிருந்தது. சுவரில் வெட்டிய மாடத்தில் நான்கு வெள்ளைக் கல் சாடிகள், ஒவ்வொன்றின் மூடியும் அழகான பெண் தலை. இறந்தவரின் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளை வைக்கும் சாடிகள் அவை. கூரையில் ஒரு விரிசல். பாலைவனத்தில் எப்போதாவது பெய்யும் பெருமழையின் வெள்ளம் அந்த விரிசல் வழியாகப் பல நூற்றாண்டு சொட்டியிருக்கிறது. அதனால்தான் தங்கம் நின்றது, சதை போயிற்று.

"முகத்தைப் பிச்சு எடுத்தது திருடங்கதானே?"

திருடனாக இருந்தால் முகத்துத் தங்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டி முழுக்க இருந்த தங்கத்தையும் உடலைச் சுற்றியிருந்த தங்கத் தகட்டையும் விட்டுப் போவானா? இங்கே நடந்தது வேறு. பெட்டியின் முகத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த தங்கம் முழுதும் உரிக்கப்பட்டிருந்தது. அரசர் பெயரைச் சுற்றி எகிப்தியர் ஒரு நீள்வட்டம் போடுவார்கள். அந்த வட்டங்களுக்குள் இருந்த பெயர் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நடையில் கிடந்த தங்கப் பலகையிலும் அரசன் உருவத்தை மட்டும் செதுக்கி அழித்திருந்தார்கள். எதிரே நின்ற அரசியை, அதாவது அவன் தாய் தியேயை, யாரும் தொடவில்லை.

அந்த அரசன் அக்கெனதென். எகிப்தின் எல்லாத் தெய்வங்களையும் ஒதுக்கி, அதென் என்ற சூரிய வட்டு ஒன்றையே வணங்கச் சொன்னவன். அமூன் என்ற பெருந்தெய்வத்தின் பெயரைக் கோயில் கோயிலாகச் செதுக்கி அழிக்க வைத்தவன். தலைநகரையே பெயர்த்துக்கொண்டு இன்று அமர்னா என்று சொல்கிற இடத்துக்குப் போனான். அவனுக்குப் பின் வந்தவர்கள் பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவன் அழித்தது போலவே அவன் பெயரையும் அழித்தார்கள். எகிப்தியர் நம்பிக்கையில் பெயர் போனால் ஆளே போனான். மறுமையும் கிடையாது.

"முதல்ல ராணின்னு சொன்னாங்களாமே, அப்புறம் எப்படி ஆம்பளை ஆச்சு?"

பலகையில் தியே அரசியின் பெயர் பார்த்ததுமே டேவிஸ் முடிவு கட்டிவிட்டார்: இது தியேயின் கல்லறை. உடலும் அதற்கு ஒத்துப்போவது போலத்தான் இருந்தது. இடது கை மார்பின் மேல் மடங்கி, வலது கை தொடையோடு நீண்டிருந்தது. அது அரச குலப் பெண்களை வைக்கும் முறை. லக்சரில் இருந்த ஒரு மருத்துவரையும், சுற்றுலா வந்திருந்த அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் அழைத்துக் காட்ட, அவர்களும் இடுப்பெலும்பைப் பார்த்துப் பெண் என்றார்கள்.

எலும்புகள் கெய்ரோவில் இருந்த உடற்கூறியல் பேராசிரியர் எலியட் ஸ்மித்திடம் போயின. வயதான அரசியை எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்தவருக்கு இளைஞனின் எலும்பு. நீங்கள் அனுப்பியது சரியான எலும்புதானா, தவறு ஏதும் நடந்துவிட்டதா என்று அவர் கேட்டு எழுதியதாக அகழாய்வைக் கண்காணித்த அரசு ஆய்வாளர் ஆர்தர் வைகால் பதிவு செய்திருக்கிறார். எலும்பு சரியானதுதான். அதன் பின் பார்த்த அத்தனை நிபுணர்களும் ஆண் என்றே சொல்லியிருக்கிறார்கள். டேவிஸ் மட்டும் ஏற்கவில்லை. 1910-இல் வெளியிட்ட புத்தகத்துக்குத் தியே அரசியின் கல்லறை என்றே தலைப்பு வைத்தார். அதே புத்தகத்துக்குள்ளேயே ஆண் என்று சொல்லும் எலியட் ஸ்மித்தின் குறிப்பும் இருக்கிறது.

"ஆண்னா அக்கெனதென்தானே? இதுல என்ன மர்மம்?"

அக்கெனதென் என்று சொல்ல நல்ல காரணங்கள் உண்டு. அறையில் நான்கு மந்திரச் செங்கற்கள் இருந்தன. இறந்தவரைக் காக்க அறையின் நான்கு பக்கமும் வைப்பவை. அவற்றில் படிக்க முடிந்தவற்றில் அக்கெனதென் பெயர்தான் இருக்கிறது. பெட்டியில் பெயர் போனாலும் பெயருக்கு முன்னும் பின்னும் வரும் பட்டங்கள் தப்பிவிட்டன. "உண்மையில் வாழ்பவன்", "நீண்ட வாழ்நாள் உடையவன்" என்பவை அக்கெனதென் தனக்கு வைத்துக்கொண்ட பட்டங்கள்.

சிக்கல் வயதில். எலியட் ஸ்மித் 25 வயது அளவில் என்றார். பின்னால் பார்த்த டெர்ரி அதற்கும் குறைவு என்றார். 1963-இல் ஹாரிசன் ஆராய்ந்து 25-ஐத் தாண்டவில்லை, 20 பக்கமாக இருக்கும் என்றார். ஆனால் அக்கெனதென் 17 ஆண்டு ஆண்டவன். ஆட்சியின் தொடக்கத்திலேயே கோயில் கட்டி, மதத்தை மாற்றி, ஆறு மகள்களுக்குத் தகப்பனானவன். 20 வயதில் செத்தான் என்றால் மூன்று வயதில் மதத்தை மாற்றினானா? அதனால் பலரும், அக்கெனதெனுக்குப் பின் கொஞ்ச காலம் மட்டும் அரியணையில் இருந்த சுமென்கரே என்ற இளம் அரசனைச் சொன்னார்கள்.

"அதான் டிஎன்ஏ பார்த்தாச்சே, இன்னும் எதுக்குச் சந்தேகம்?"

இதைக் கேட்காத சனிக்கிழமையே இல்லை. 2010-இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாஹி ஹவாஸின் குழுவினர் அரச மம்மிகளின் டிஎன்ஏ முடிவுகளை வெளியிட்டார்கள். யூயா, தூயா என்ற தம்பதியின் மம்மிகள் யாருடையவை என்பதில் ஐயமே இல்லை, கல்லறையில் பெயரோடு கிடைத்தவை. அவர்கள் மகள்தான் தியே. 35-ஆம் எண் கல்லறையில் பெயரில்லாமல் கிடந்த ஒரு மூதாட்டியின் மம்மி அவர்கள் மகள் என்று தெரிந்தது. ஆக, அவர்தான் தியே. நம் 55-ஆம் கல்லறை ஆண், அந்தத் தியேக்கும் மூன்றாம் அமென்கோதேப்புக்கும் பிறந்த மகன். துட்டன்காமனின் தகப்பன். இத்தனையும் அந்த ஆய்வு சொன்னது.

ஆனால் டிஎன்ஏ உறவைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. தியேயின் மகன் என்பது அக்கெனதெனுக்குக் கட்டாயம் பொருந்தும். சுமென்கரே அவன் தம்பியாக இருந்தால் அவனுக்கும் பொருந்தும். துட்டன்காமனை "அரசனின் மகன்" என்று சொல்லும் ஒரு கல் உண்டு. எந்த அரசன் என்று அதிலும் இல்லை. எனவே வழக்கு திரும்பவும் வயதுக்கே வருகிறது. ஹவாஸ் குழு ஸ்கேன் எடுத்து, முதுகெலும்புத் தேய்மானத்தைக் காட்டி, 35 முதல் 45 என்றது. அதே ஆண்டு இன்னொரு நிபுணர், எலும்பை நேரில் பார்த்த தன் ஆய்வை வெளியிட்டு 19 முதல் 22 என்றார்.

"ஒரே எலும்புக்கு 20ன்னும் 40ன்னும் எப்படிச் சொல்ல முடியும்? யாரோ பொய் சொல்றாங்களா?"

பொய் இல்லை. வளரும் வயதில் நம் நீளமான எலும்புகளின் முனைகள் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு வயதில் ஒட்டிக்கொள்ளும். கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனை கடைசியில், இருபதுகளின் பின்பாதியில், ஒட்டும். ஞானப்பல் எந்த அளவு வெளியே வந்திருக்கிறது என்றும் பார்ப்பார்கள். இப்படிப் பார்த்தவர்களுக்கு இந்த எலும்புக்காரன் இளைஞன். மேல் ஞானப்பல் ஒன்று முழுதாக முளைக்கவில்லை என்பதும் அவர்கள் சொல்லும் காரணம். முதுகெலும்பு தேய்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நடுவயது. ஆனால் முதுகு வளைந்த குறை உள்ளவர்களுக்கு இளமையிலேயே தேய்மானம் வரலாம். ஞானப்பல் சிலருக்கு முளைக்காமலேயும் போகலாம்.

என் கருத்தைக் கேட்டால், நான் அக்கெனதென் பக்கம். பட்டங்கள், செங்கற்கள், துட்டன்காமனின் தகப்பன் என்ற முடிவு, மூன்றும் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன. ஆனால் எலும்பை நேரில் தொட்டு ஆராய்ந்தவர்கள் பெரும்பாலோர் இளைஞன் என்றுதான் சொன்னார்கள். அதை ஒதுக்கிவிட்டு "முடிவாகிவிட்டது" என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆம்பளை உடம்பு எப்படிப் பொம்பளைப் பெட்டிக்குள்ள போச்சு?"

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. அந்தப் பெட்டி முதலில் ஒரு பெண்ணுக்குச் செய்யப்பட்டது. பிறகு அரசனுக்கு ஏற்றாற்போல் நெற்றியில் நாகம், முகவாயில் தாடி வைத்து, எழுத்துகளைத் திருத்தியிருக்கிறார்கள். நான்கு சாடிகளிலும் முதலில் இருந்த பெயரைச் சுரண்டியிருந்தார்கள். மிச்சத் தடயத்தை வைத்து அவை கியா என்ற பெண்ணுக்குரியவை என்று கண்டார்கள். அக்கெனதெனின் இன்னொரு மனைவி. பெட்டியும் கியாவுடையது என்றே பலர் நினைக்கிறார்கள்.

ஆக, யாருக்கோ அவசரமாக அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. கைவசம் இருந்த அரச குலச் சாமான்களை எடுத்துத் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

"சரி, இதையெல்லாம் அங்க கொண்டு வந்து வெச்சது யாரு?"

அறையில் களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றில் துட்டன்காமனின் பெயர். அமர்னா நகரைக் கைவிட்டபோது அங்கே புதைத்திருந்த தன் குடும்பத்தாரை இந்தப் பள்ளத்தாக்குக்கு எடுத்துவந்து மறுபடி அடக்கம் செய்தது அந்தச் சிறுவன் அரசனின் காலத்தில்தான் என்பது பொதுவான கருத்து. தியேயையும் இங்கேதான் முதலில் வைத்திருக்க வேண்டும். தங்கப் பலகை அவருடைய சவப்பெட்டியைச் சூழ்ந்து நின்ற கூண்டின் பகுதி.

இப்போது மேலே சொன்ன உடைந்த அடைப்புச் சுவருக்கு வாருங்கள். பின்னொரு காலத்தில் யாரோ உள்ளே போய், தியேயின் உடலை எடுத்துக்கொண்டு, கூண்டை வெளியே இழுக்கப் பார்த்திருக்கிறார்கள். நடையில் சிக்கியதும் பலகையை அப்படியே போட்டுவிட்டார்கள். போகும் முன் அரசனின் முகத்தையும் பெயரையும் அழித்தார்கள். பக்கத்திலேயே ஒன்பதாம் ராம்சேஸின் கல்லறையைக் குடைந்தபோது தற்செயலாக இதில் இடித்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

"அந்தப் பையன் ஒழுங்கா வேலை செய்யலைன்னு படிச்சேன். உண்மையா?"

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. 55-ஆம் கல்லறை மோசமாகத் தோண்டப்பட்ட கல்லறைகளுக்கு எடுத்துக்காட்டாகவே பேசப்படுகிறது. எது எங்கே கிடந்தது என்ற முழுமையான பட்டியல் இல்லை. ஒழுங்கான வரைபடம் புத்தகத்தில் வரவில்லை. சில புகைப்படங்கள் இருக்கின்றன. உள்ளே போனவர்களில் அயர்ட்டன், டேவிஸ், வைகால், ஓவியர் ஜோசப் லிண்டன் ஸ்மித் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் பொருந்தவில்லை. டேவிஸ் தானே எழுதுகிறார்: உடலின் முன்பல்லை மெதுவாகத் தொட்டேன், அது பொடியாக உதிர்ந்துவிட்டது என்று. எலும்பின் வயதைச் சொல்லப் பற்கள் எவ்வளவு தேவை என்பதை மேலே பார்த்தோம்.

குற்றத்தை அயர்ட்டன் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். அவர் கூலிக்கு வேலை பார்த்தவர். பணம் போட்டவர் முதலாளி. பெரிய மனிதர்கள் வேடிக்கை பார்க்க வரிசையில் நின்றார்கள். தொட்டால் உதிரும் பலகை, இற்றுப்போன பெட்டி, காற்றுப் புகுந்ததும் கெட்டுப்போகும் பொருள்கள். இன்றைய ஆய்வாளர் இதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வார். துட்டன்காமன் கல்லறையைக் காலி செய்ய, அதைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டருக்குப் பத்து ஆண்டு ஆயிற்று. இங்கே எல்லாம் சில வாரம். பெட்ரியிடம் படித்த பையனுக்கு இது தவறு என்று தெரியாமல் இருந்திருக்காது. நிறுத்துங்கள் என்று முதலாளியிடம் சொல்லும் இடத்தில் அந்த 24 வயதில் அவர் இல்லை.

"தங்கத்தை யாரோ திருடி ஜெர்மனிக்குக் கொண்டு போயிட்டாங்களாமே?"

பெட்டியின் மூடி கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருந்தது. அடிப்பகுதியின் மரம் உளுத்துப்போக, மிச்சம் தங்கத் தகடும் கண்ணாடிப் பதிப்புகளும்தான். அவை அருங்காட்சியகத்திலிருந்து காணாமல் போயின. பிறகு ஜெர்மனியின் மியூனிக் நகர எகிப்தியக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே சீர்செய்து, 2002-இல் எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். உடலைச் சுற்றியிருந்த தகடுகள் பற்றி நல்ல செய்தி இல்லை. அவற்றில் பெயர் இருந்திருந்தால் வழக்கே தீர்ந்திருக்கும். அவை போனது போனதுதான்.

"துட்டன்காமன் கல்லறை பக்கத்துலயே இருந்தும் அயர்ட்டன் எப்படித் தவற விட்டார்?"

எனக்கும் மனம் வலிக்கும் இடம் இது. துட்டன்காமன் பெயர் எழுதிய நீலப் பீங்கான் கிண்ணம் ஒன்றை ஒரு பாறையடியில் கண்டெடுத்ததே அயர்ட்டன்தான், அதுவும் 55-ஆம் கல்லறைக்கு முந்தைய பருவத்தில். 1907-இன் கடைசியில் ஒரு குழியில் பெரிய பானைகள் கிடைத்தன. துட்டன்காமனின் உடலைப் பதப்படுத்தியபோது மிஞ்சிய துணி, உப்பு மூட்டைகள், ஈமச் சடங்கு விருந்தின் மிச்சம் எல்லாம் அதில். டேவிஸுக்கு அவை பெரிதாகப் படவில்லை. வேறொரு சிறு குழியைத் துட்டன்காமன் கல்லறை என்று எண்ணி, பள்ளத்தாக்கில் இனி ஒன்றும் இல்லை என்று 1912-இல் எழுதியும் விட்டார்.

ஹோவர்ட் கார்ட்டர் அந்தத் தடயங்களை மறக்கவில்லை. 1922 நவம்பர் 4-ஆம் தேதி முதல் படி தெரிந்தது.

"அயர்ட்டன் சின்ன வயசிலேயே செத்துட்டாராமே. சாபம்தானே?"

அயர்ட்டன் இறந்தது 31 வயதில். உண்மை. ஆனால் சாபம் ஆள் பார்த்து வருமா? அதே கல்லறைக்குள் போன டேவிஸ் எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். நாட்குறிப்பு எழுதிய எம்மா ஆண்ட்ரூஸ் எண்பது தாண்டினார். ஓவியர் ஜோசப் லிண்டன் ஸ்மித் 1950 வரை இருந்தார். எலும்பையே கையில் எடுத்து ஆராய்ந்த எலியட் ஸ்மித் அதற்குப் பின் முப்பது ஆண்டு இருந்தார். பத்திரிகைகளில் பரவிய சாபக் கதை, கார்ட்டரின் தோண்டலுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923-இல் இறந்த பிறகு பெரிதாகக் கிளம்பியது. பிள்ளைகள் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"அவர் இலங்கையிலயா இறந்தார்? எகிப்து ஆளுக்கு அங்க என்ன வேலை?"

1908-இல் டேவிஸை விட்டுப் பிரிந்தவர், கொஞ்ச காலம் எகிப்திலேயே வேறு இடங்களில் தோண்டிவிட்டு, 1911-இல் இலங்கைத் தொல்லியல் துறையில் சேர்ந்தார். அத்துறையைக் கட்டி எழுப்பிய எச்.சி.பி. பெல் ஓய்வு பெற்றதும், அவருக்குப் பின் தொல்லியல் ஆணையர் ஆனார். எகிப்தில் தன் பெயருக்கு இடமில்லாமல் அடுத்தவர் பணத்தில் தோண்டியவருக்கு, அனுராதபுரம் போன்ற ஒரு பழம்பெரும் நகரத்தின் பொறுப்பு வந்து சேர்ந்தது.

1914 மே 18-ஆம் தேதி, வேட்டைக்குப் போன இடத்தில், தென்னிலங்கையின் திஸ்ஸ வாவியில் மூழ்கி இறந்தார். இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய ஏரி அது. இன்னும் இருபது முப்பது ஆண்டு இருந்திருந்தால் 55-ஆம் கல்லறையைப் பற்றித் தான் பார்த்தது முழுவதையும் நிதானமாக எழுதியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

"எகிப்துக்குப் போனா அதைப் பார்க்கலாமா?"

கல்லறை பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. திறந்தாலும் வெற்று அறைதான். பார்க்க வேண்டியது கெய்ரோ அருங்காட்சியகத்துப் பெட்டியை. நான்கு சாடிகளில் மூன்று எகிப்தில் இருக்கின்றன. டேவிஸின் பங்காகப் போன ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். அந்தப் பெண் முகத்தைப் படத்தில் பார்த்தாலும் போதும். உதட்டோரத்தை அந்தச் சிற்பி எவ்வளவு மெல்ல முடித்திருக்கிறான் என்று பாருங்கள்.

"அப்போ அந்த எலும்புக்கூட்டுக்குப் பேரே இல்லையா டீச்சர்?"

ஆறு வயதுப் பையன் கேட்டான். அருங்காட்சியகப் பட்டியலில் ஓர் எண் இருக்கிறது: 61075. அதுதான் இப்போதைக்கு.

ஆனால் பெட்டியின் கால்மாட்டில் ஒரு வேண்டுதல் செதுக்கியிருக்கிறது. அழித்தவர்கள் பெயர்களை மட்டும் வெட்டினார்கள், மற்ற வரிகள் தப்பிவிட்டன. உன் வாயிலிருந்து வரும் இனிய மூச்சை நான் சுவாசிப்பேன், தினமும் உன் அழகைக் காண்பேன் என்று தொடங்கும் அந்த வேண்டுதல். அதன் கடைசியில் வருவது இது: என் பெயரை நீ என்றென்றும் சொல்லி அழைப்பாய், அது உன் வாயில் இல்லாமல் போகாது.

பையனுக்கு அதைப் படித்துக் காட்டினேன். எந்தப் பெயர் என்று கேட்டான்.